பத்தொன்பதாம் பாத்தித் தண்ணீர்

மார்ச் 3, ஞாயிறு

இன்று முதல் தோட்டத்துக்கென்று தனிக் குறிப்பு. பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதாமல் ஒரு மோட்டாரையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. கத்தரிச் செடிக்கும் அப்படியே எழுதிப் பார்ப்போம்.

எங்கள் நகரில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பன்னிரண்டு வருடம் முள் மண்டிக் கிடந்தது. பிறகு குடியிருப்போர் சங்கத்தில் அதைச் சுத்தம் செய்து இருபது பாத்திகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். என்னுடையது முதல் பாத்தி, தொட்டியை ஒட்டியே. காலை ஐந்து மணிக்கு மோட்டார் ஓடித் தொட்டி நிறையும், இரண்டாயிரம் லிட்டர். அதற்கு மேல் அந்தப் போர்வெல்லில் ஊறாது. அதனால் பாத்திக்கு நாளொன்றுக்குப் பத்துப் பூவாளி. டியூப் போடக் கூடாது. ஒருவர் ஹோஸைத் திறந்து விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் வந்த விதி.

வலது தோள் ஜனவரியிலிருந்து சரியில்லை, கையைத் தூக்க வரவில்லை. டாக்டர், பாரம் தூக்காதீர்கள் என்றார். மனைவி சிவகாமி, பாத்தியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? தூக்காமல் தண்ணீர் பாய்ச்ச ஒரு வழி இருக்கத்தான் வேண்டும்.

மார்ச் 5

பாட்டில் முறை. இரண்டு லிட்டர் பாட்டில்கள் நான்கு. மூடியில் ஊசித் துளை, செடியின் வேரடியில் தலைகீழாக. முதலாவது இருபது நிமிடத்தில் காலி. இரண்டாவதில் மண் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்கவில்லை. மற்ற இரண்டையும் நாய் பிடுங்கிப் போட்டுவிட்டது. தோல்வி.

மார்ச் 9

பானை முறை. பூச்சில்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் ஊற்றி மூடி வைத்தேன். சுற்றிலும் நான்கு கத்தரி. சுவர் வழியே கசிந்து வேருக்குப் போகிறது. நல்ல முறை.

பத்தொன்பதாம் பாத்தி மயிலாத்தாள் இதை நின்று வேடிக்கை பார்த்தாள். எங்கள் நகரில் மூன்று வீடுகளில் வீட்டு வேலை செய்கிறவள். நகருக்குப் பின்னால், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். தொட்டியிலிருந்து ரொம்பத் தூரம் என்று யாரும் வாங்காமல் கிடந்த பாத்தியைச் சங்கத்தில் அவளுக்குக் கொடுத்தார்கள். அதில் அவள் போட்டிருக்கும் அரைக்கீரையைப் போல வேறு யாருக்கும் வரவில்லை, இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஏனுங்கண்ணா, பானையெ எதுக்குங் புதைச்சு வெச்சிருக்கறீங்?"

"தண்ணி தானாக் கசியும் மயிலா. தெனமும் செடி செடியா ஊத்த வேண்டியதில்லை."

"அப்ப பானைக்கு யாருங் ஊத்தறது?"

சிரித்துவிட்டு, அவளே இரண்டு பூவாளி மொண்டு வந்து பானையை நிரப்பிக் கொடுத்தாள். அவள் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. பானைக்கு யார் ஊற்றுவது?

மார்ச் 17, ஞாயிறு

மூடாக்கு. தேங்காய் நாரும் காய்ந்த இலையும் மண்ணின் மேல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். மதிய வெயிலிலும் அடியில் ஈரம் நிற்கிறது. பாதித் தண்ணீர் போதும் என்று தோன்றுகிறது. அந்தப் பாதியையும் தூக்கத்தான் வேண்டும்.

மார்ச் 22

தொட்டியின் பின்பக்கம், அடியில், கழுவி விடுவதற்கென்று ஒரு வால்வு உண்டு. என் பாத்தியிலிருந்து இரண்டடி. அதில் ஒரு இணைப்பு வைத்து, சொட்டுநீர்க் கடையில் கிடைக்கும் மெல்லிய டியூபை எட்டாகப் பிரித்துச் செடிகளின் அடிக்குக் கொண்டுபோனேன். மதியம் ஒரு மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடினேன். இது ஒரு பரிசோதனை.

என் பங்கு நூறு லிட்டர். அந்த நூறு லிட்டர்தான் வருகிறது, பூவாளிக்குப் பதில் டியூப் வழியாக. டியூப் கூடாது என்ற விதி பெரிய ஹோஸுக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மூடாக்குக்கு அடியில் இருந்தால் வெயிலில் டியூப் கெடாது. அதனால்தான் அடியில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 25

காலையில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் இரண்டு பூவாளி இடது கையால் ஊற்றினேன். சும்மா நின்றால் கேட்பார்கள்.

ஏப்ரல் 2

கடும் வெயில். மதியம் கத்தரி இலைகள் தொங்கிவிட்டன. வால்வை இன்னும் அரைச் சுற்றுத் திறந்தேன். நான்குக்குப் பதில் ஐந்து மணிக்கு மூடினேன்.

ஏப்ரல் 5

காய் பறித்தேன். ஒவ்வொன்றும் கைக்கு அடங்கவில்லை. சங்கச் செயலாளர் அர்த்தநாரிக்குக் கொஞ்சம், மூன்றாம் பாத்திப் பிரேமா டீச்சருக்குக் கொஞ்சம். "இந்த வெயில்ல எப்படிங்ணா?" என்று அர்த்தநாரி கேட்டார். மூடாக்கு என்றேன். தோள்வலி குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 8

மாலையில் தொட்டி சீக்கிரம் காலியாகிறது என்று பேச்சு. போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். ஏப்ரலில் எப்போதும் அப்படித்தான்.

ஏப்ரல் 10

அர்த்தநாரி வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்க பம்புக்காரரு. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்ணா. நாலு நாளா மயிலாவுக்குத் தண்ணியே இல்லீங்களாமா. ஆறரைக்கு அவ வேலை முடிச்சு வாரப்ப அடியில சேறுதான் இருக்குதுன்னு சொல்றா."

போய்ப் பார்த்தேன். மோட்டார் சரி. காலையில் தொட்டி விளிம்பு வரை நிறைகிறது. சுவரில் விரிசல் இல்லை, குழாய் மூட்டுகளில் கசிவு இல்லை. கூடியிருந்தவர்களிடம் அதை அப்படியே சொன்னேன். கசிவு இல்லை. அது உண்மை.

"கசிவு இல்லைன்னா அப்பறம் யாரோ எடுக்கறாங்கன்னுதானே அர்த்தம்?" என்றார் பிரேமா டீச்சர்.

கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.

ஏப்ரல் 11

டியூபைக் கழற்றிவிடலாம் என்று போனேன். காய்கள் பாதி வளர்ச்சியில் நிற்கின்றன. வால்வை அரைச் சுற்றுக் குறைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12

மறுபடி திறந்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. சிவகாமி மாங்காய்ப் பச்சடி செய்தாள். மாலையில் தொட்டியருகே சங்கக் கூட்டம். ஏழெட்டுப் பேர் பேசினார்கள். நான் அதிகம் பேசவில்லை. காய்ப்புழு தட்டுப்படுகிறது, வேப்பெண்ணெய் தெளிக்க வேண்டும்.

ஏப்ரல் 15

வேப்பெண்ணெய் தெளித்தேன்.

ஏப்ரல் 17

கூட்டத்தைப் பற்றி மூன்று நாளாக எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். எழுதினால் பாரம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

மயிலாவைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். அவள் வேலை முடிந்து வரும்போது இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கும். லைன் வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வருவது பத்து நாளைக்கு ஒரு முறை, அதனால் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் வேலை செய்யும் வீடுகளில் கேட்டு நிரப்பிக்கொண்டு போவாள். அன்றும் குடத்தோடுதான் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதே மயிலா," என்று ஆரம்பித்தார் அர்த்தநாரி. "தொட்டித் தண்ணி செடிக்கு மட்டுந்தான். ஊட்டுக்குக் கொண்டு போகக் கூடாது."

"நான் எங்கீங் கொண்டு போனேன்?"

"நீ தெனமும் குடத்தோட வர்றே. கடைசியா வர்றதும் நீதான்," என்றார் பிரேமா டீச்சர். மயிலா அவர் வீட்டில்தான் ஆறு வருடமாக வேலை செய்கிறாள்.

மயிலா குடத்தை எல்லோருக்கும் நடுவில் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டுத் தண்ணீர் விழவில்லை. இன்றைக்குக் காலியாக இருந்தால் நேற்றைக்கும் காலியாகவா இருந்திருக்கும் என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க எந்நேரமும் தொட்டிகிட்டயேதான் இருக்கறீங். நா ஒரு நா, ஒரே ஒரு நா, குடத்துல மொண்டு நீங்க பாத்திருக்கறீங்களா?"

நம்பிக்கையோடு கேட்டாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்கு உறுதி. இல்லை என்ற ஒரு சொல் போதும். அதற்கு மேல் ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதுகூட இல்லை.

"நான் கவனிக்கலை மயிலா," என்றேன்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுதிவிட்டேன். இறங்கவில்லை.

ஏப்ரல் 19

மயிலா தோட்டத்துக்கு வரவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பத்தொன்பதாம் பாத்தியில் கீரை தரையோடு படுத்துவிட்டது. எல்லோரும் போன பிறகு இரண்டு பூவாளி கொண்டு போய் ஊற்றினேன். இவ்வளவு தூரம் தினமும் பத்து முறை நடந்திருக்கிறாள். நான் இரண்டாவது நடையிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். செடி பிழைக்காது.

ஏப்ரல் 23

காலைச் சாப்பாட்டின்போது சிவகாமி சொன்னாள்: "பிரேமா டீச்சர் மயிலாவ வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்களாமா. இன்னொரு ஊட்லயும் நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"ஏன்னு கேக்கறீங்களே, உங்களுக்குத் தெரியாதா? தொட்டியில கை வெச்சவ ஊட்ல வெக்க மாட்டாளான்னு பேசிக்கறாங்க." இட்லியை வைத்துவிட்டு நின்றாள். "ஏனுங், ஊரு பூராக் காஞ்சு கெடக்குது. நம்ம பாத்தி மட்டும் எப்படீங் நனைஞ்சே இருக்குது?"

"மூடாக்கு."

"ம்," என்றாள். மதியம் குழம்பில் நம் கத்தரிக்காய் இல்லை. கூடையில் அப்படியே இருந்தது.

ஏப்ரல் 26

அர்த்தநாரி பக்கத்து நகர்க்காரர்கள் நான்கு பேரை அழைத்து வந்து என் பாத்தியைக் காட்டினார். "பாருங், தண்ணி இல்லாத காலத்துல இவுரு எப்படிக் காய்க்க வெச்சிருக்காரு!" ஒருவர் குனிந்து மூடாக்கை விலக்கப் போனார். "வேண்டாங்க, வேர் காயும்," என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். செடி மேல் அக்கறை என்று நினைத்திருப்பார்.

ஏப்ரல் 27

இன்று அளந்தேன்.

டியூப்களை எல்லாம் ஒரு வாளியில் விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து லிட்டர் நிறைய பதினொன்றரை நிமிடம். நான்கு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இருநூற்றுப் பத்து லிட்டர். மறுபடி அளந்தேன், அதே கணக்கு. நூறு எனக்கு உரியது. மீதியில் நூறு மயிலாவுடையது, அவளுடைய பத்துப் பூவாளி, சொட்டு மிச்சமில்லாமல். அதற்கு மேலேயும் பத்து எடுத்திருக்கிறேன்.

ஐந்து நிமிட வேலை இது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. ஒரு மாதமாக ஏன் அளக்கவில்லை என்று யாராவது கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. அளந்தால் என்ன வரும் என்று தெரிந்துதான் அளக்கவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து மூடாக்கைக் கையால் வாரி ஒதுக்கினேன். டியூப், இணைப்பு, வால்வு எல்லாம் வெளியே தெரிந்தன. "தண்ணியை எடுத்தது நான்தான். மயிலா இல்லை," என்றேன். சொல்வதற்கு முன் நான்கைந்து வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

திட்டுவார்கள், பாத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பிரேமா டீச்சர்தான் முதலில் சிரித்தார். "அட, சாரு ஊட்லயே எஞ்சினியரிங் காலேஜ் வெச்சிருக்காரு!" எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் உட்கார்ந்து டியூபைத் தொட்டுப் பார்த்து, அடைத்துக்கொள்ளாதா என்று கேட்டார். "அண்ணா, இதே மாதிரி எல்லாப் பாத்திக்கும் போட்டுக் குடுத்துருங். வால்வு வெச்சு, ஆளுக்கு நூறு லிட்டர் அளந்து விட்டா முடிஞ்சுது. விதியையே மாத்திப்போடலாம்," என்றார் அர்த்தநாரி.

"மயிலாவுக்கு என்ன சொல்றது?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "அது ஏதோ வாய் தவறி வந்துருச்சுங்ணா. இப்பப் போயிக் கிளறுனா அவளுக்குத்தான் சங்கடம்," என்றார் அர்த்தநாரி.

எடுத்தவன் நான் என்றதும் மூளைக்காரன் ஆகிவிட்டேன். எடுக்காதவள் குடத்தைக் கவிழ்த்துக் காட்டியும் திருடிதான். வீட்டுக்கு வந்து வெகு நேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிவகாமி துண்டை நீட்டினாள்.

ஏப்ரல் 29

லைன் வீட்டுக்குப் போனேன். மயிலா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாளி வைத்து அளந்ததையும் சொன்னேன். அவள் துலக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நாங் கேட்டனே. அப்ப ஏனுங் சொல்லலே?"

"வெக்கமா இருந்துச்சு மயிலா."

"உங்களுக்கு வெக்கம். எனக்கு வேலை போச்சு." தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "என்ற புள்ளைக்கு இந்த மாசந்தான் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாக்க வந்தாங்க. இங்க விசாரிச்சிருக்காங்க. அப்பறம் வரலே."

அவள் மகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரு மகள் இருக்கிறாள் என்பதே தெரியாது.

"நான் வந்து அவங்ககிட்டச் சொல்றேன்," என்றேன்.

"நீங்க சொல்லி? திருடலைன்னு ஒருத்தர் ஊடு தேடி வந்து சொன்னாத்தானுங் சார் சந்தேகமே வரும்."

சார் என்றாள். திரும்பி வரும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

மே 1

பிரேமா டீச்சரிடம் போய், மயிலாவைத் திரும்ப அழையுங்கள் என்றேன். வேறு ஆள் வந்துவிட்டாளாம், அவளை எப்படி நிறுத்துவது என்றார். அவருக்கும் முகம் சரியாக இல்லை. தேநீர் கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

மே 3

அர்த்தநாரி இரண்டு தடவை கூப்பிட்டார், டியூப் வேலையை எப்போது ஆரம்பிப்பது என்று. "மயிலா ஊட்டுக்கு நீங்களும் டீச்சரும் வாங்க. வந்து எடுத்தது அவ இல்லைன்னு உங்க வாயாலச் சொல்லுங்க. அது வரைக்கும் ஒரு அடி டியூப் போட மாட்டேன்," என்றேன். இப்படி உரக்கப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

மே 5, ஞாயிறு

அர்த்தநாரி வந்தார். டீச்சர் வரவில்லை.

லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். அர்த்தநாரி செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நீ எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு மயிலா. எங்க மேலதான் தப்பு. பாத்தி உன்னுதுதான், வா," என்றார். மயிலா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "கேட்டீங்களாக்கா?" என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகுதான் எங்களிடம் திரும்பி, "வாரனுங்," என்றாள். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருக்கிறதாம். பஸ் ஏறிப் போக வேண்டும்.

மே 9

நான்கு நாளில் இருபது பாத்திக்கும் டியூப் போட்டாயிற்று. பாத்திக்கு ஒரு வால்வு. மண் அடைக்காமல் இருக்கத் தொட்டி வாயில் வலை. ஒவ்வொன்றையும் வாளி வைத்து அளந்தேன். நூறுக்கு மேல் போகாது. மூடாக்கும் போட்டால் அறுபதே போதுமாகிறது. மாலையில் தொட்டியில் தண்ணீர் மிச்சம் நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் என் கையைக் குலுக்குகிறார்கள்.

மே 12, ஞாயிறு

மாலை ஆறரை மணிக்கு மயிலா வந்தாள். எல்லோரும் இருந்தார்கள். வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் சொட்டுவதை வேடிக்கை பார்க்க வருகிறார்கள். பழைய கீரையைப் பிடுங்கி, மண்ணைக் கிளறிப் புது விதை தூவினாள். பிறகுதான் பாத்தி ஓரத்தில் இருந்த டியூபைப் பார்த்தாள்.

"இது என்னதுங் சார்?"

"உனக்கும் போட்டிருக்கேன் மயிலா. அந்த வால்வைத் திறந்தாப் போதும். இனி இவ்வளவு தூரம் சுமக்க வேண்டாம்."

குனிந்து, மண்ணிலிருந்து டியூபை உருவினாள். கோபமாக இல்லை, நிதானமாகத்தான். சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு வேண்டாமுங். இது மண்ணுக்குள்ளாற போகுது. எத்தனை போச்சுன்னு ஒருத்தருக்குந் தெரியாது. நாளைக்குத் தொட்டி காலியாச்சுன்னா மறுக்கா என்ற மூஞ்சியத்தான் பாப்பாங்க. பூவாளின்னா எண்ணிக்கலாமுங்."

தொட்டிக்குப் போனாள். முதல் பூவாளியை மொண்டுகொண்டு எங்கள் நடுவே நடந்தாள். "ஒண்ணு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். "ரெண்டு." மற்ற பாத்திகளில் எல்லாம் சத்தமில்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி செல்போனை எடுத்துப் பார்த்தார். பிரேமா டீச்சர் ஐந்தாவது பூவாளியில் எழுந்து போய்விட்டார். நான் போகவில்லை. சுருட்டிய டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"பத்து," என்றாள். பூவாளியைக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

புது விதைப்புக்குப் பத்துப் பற்றாது. பாத்தியில் பாதிதான் நனைந்திருந்தது. தொட்டியில் அரைவாசித் தண்ணீர் நின்றது. இன்னும் எடுத்துக்கோ என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.